பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பிசுபிசுக்கும் பிளாஸ்டிக்: பெயின்ட் அடிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என்னிடம் 1999-ல் தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இன்ஜினும் பாடியும் நல்ல நிலையில் உள்ளன. ஆனால் நடு கன்சோலும் கதவுக் கைப்பிடியும் தொட்டால் ஒட்டுகின்றன. நகம் பட்டாலே கறுப்புப் பூச்சு சுருண்டு வருகிறது. டாஷ்போர்டின் கீழ்ப்பக்க பாகங்கள் வெளிறிக் கிடக்கின்றன. ஒருவர் தின்னர் போட்டுத் துடைக்கச் சொல்கிறார். இன்னொருவர் அப்படியே மேலே மேட் பிளாக் ஸ்ப்ரே அடித்துவிடலாம் என்கிறார். எது சரி? நானே செய்ய முடியுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். தின்னர் பூச்சை மட்டுமல்ல, அடியில் உள்ள பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். பிசுபிசுப்பின் மேல் அடித்த பெயின்ட் ஒழுங்காகக் காயாது. காய்ந்தாலும் அடியிலிருக்கும் பசையோடு சேர்ந்து உரிந்து வரும். ஆனால் நீங்களே செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். அவசரப்படாமல் இருந்தால் போதும்.

முதலில், உங்கள் காரில் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. கன்சோலிலும் கைப்பிடியிலும் கெட்டுப்போனது பிளாஸ்டிக் அல்ல, அதன் மேல் இருக்கும் மென்பூச்சு. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் பல கார்களில், கடினமான பிளாஸ்டிக் கைக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காக பாலியூரித்தேன் பூச்சு அடித்தார்கள். காற்றின் ஈரமும் வெயிலில் நிற்கும் காருக்குள் ஏறும் சூடும் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. வேதியியல் வகுப்பில் படித்த நீராற்பகுப்புதான் இது. சங்கிலி அறுந்த பூச்சு பசையாகிவிடுகிறது. அதைப் பழையபடி ஆக்க எந்த மருந்தும் கிடையாது. பவுடர் தூவினால் சில நாள் ஒட்டாமல் இருக்கும், அவ்வளவுதான். முழுவதுமாக எடுப்பது ஒன்றே வழி.

டாஷ்போர்டின் கீழே வெளிறியிருப்பது வேறு கதை. அவை பெரும்பாலும் பூச்சே இல்லாத, நிறம் கலந்து வார்த்த பிளாஸ்டிக். வெயிலின் புறஊதாக் கதிர் மேற்பரப்பைச் சிதைத்திருக்கிறது. இங்கே உரிக்க ஒன்றுமில்லை. சுத்தம் செய்து நிறம் ஏற்றினால் போதும்.

பாகங்களைக் கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும். காரிலேயே வைத்து மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தால் ஓரங்களில் கோடு விழும், அங்கிருந்துதான் உரியவும் தொடங்கும். இத்தனை வருடப் பழைய க்ளிப்புகள் உலர்ந்து, தொட்டாலே முறியும் நிலையில் இருக்கும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி, ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் பிளாஸ்டிக் நெம்புகோலால் எடுங்கள். கைவசம் சில உதிரி க்ளிப்புகள் இருக்கட்டும். ஏர்பேக் வயர் அருகே கை போகும் என்றால் பேட்டரியைக் கழற்றி, அந்த மாடலின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்துவிட்டே தொடுங்கள். ஏர்பேக் மூடிகளுக்கு மட்டும் எந்தப் பூச்சும் அடிக்காதீர்கள். அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டது. மேலே ஏறும் படலம் அதைத் தடுக்கலாம், சில்லுகளாகத் தெறித்து முகத்திலும் படலாம்.

இனி உரிக்கும் வேலை. இதற்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போதும். ஒரு துணியை அதில் நனைத்து, பாகத்தின் மேல் போர்த்தி, சில நிமிடம் விடுங்கள். துணியை எடுத்தால் பூச்சு இளகித் தார் மாதிரி ஆகியிருக்கும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் ஓரத்தால் வழித்தால் கறுப்புக் குழம்பாகத் திரண்டு வரும். உள்மூலைகளுக்குப் பல் துலக்கும் பிரஷ். துணி கறுத்ததும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் எடுத்த பசையையே திரும்பப் பூசுவீர்கள். கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம், பக்கத்தில் நெருப்பு கூடாது. முதலில் கண்ணில் படாத ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். மீட்டர்களின் முன்னால் உள்ள தெளிவான பிளாஸ்டிக்கில் ஆல்கஹால் படவே கூடாது, நுண்விரிசல் விழும். அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம். கார் உட்புறப் பாகங்களில் அதிகம் வரும் ஏபிஎஸ் (ABS) என்ற பிளாஸ்டிக் வகையை அது கரைத்தே விடும்.

ஸ்விட்ச்சுகளுக்கு வந்ததும் கையை நிறுத்துங்கள். இரவில் ஒளிரும் ஸ்விட்ச் பெரும்பாலும் இப்படித்தான் செய்யப்பட்டிருக்கும்: ஒளி ஊடுருவும் வெளிர் பிளாஸ்டிக், அதன்மேல் கறுப்புப் பூச்சு, அந்தப் பூச்சில் லேசரால் செதுக்கிய சின்னம். பூச்சை வழித்தால் சின்னமும் சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது முழுக்க ஒளிரும் ஒரு வெள்ளைக் கட்டி. ஸ்விட்ச் லேசாக ஒட்டுகிறது என்றால் ஆல்கஹால் தொட்ட துணியால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு விடுங்கள். சின்னமே அழிந்துவிட்டதென்றால், மறுபடி பூசி லேசரில் செதுக்கித் தருபவர்களிடம் கொடுப்பதே மேல். வீட்டில் பிரஷ்ஷால் வரைந்த சின்னம் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தனியாகத் தெரியும்.

பூச்சு முழுவதும் போன பிறகு கன்சோலை வெயிலில் வைத்துப் பாருங்கள். பல கார்களில் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கே கறுப்பாக, சீரான சொரசொரப்போடு, பார்க்க நன்றாகவே இருக்கும். அப்படி இருந்தால் பெயின்ட் அடிக்காமல் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. அடிக்காத பெயின்ட் உரியாது. சாம்பல் நிறமாகவோ, கீறல் விழுந்தோ இருந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்த கட்டத்தில் பலர் கோட்டை விடுவது சுத்தத்தில்தான். இத்தனை வருடம் டாஷ்போர்டு பாலிஷ் போட்ட பிளாஸ்டிக்கில் சிலிகான் ஊறியிருக்கும். அதன்மேல் பெயின்ட் விழுந்தால் மீன்கண் போன்ற சிறு வட்டங்களாக விலகி நிற்கும். உப்புத்தாளை முதலில் போட்டால் அந்தச் சிலிகானைத் தேய்த்து உள்ளே இறக்குகிறீர்கள். எனவே முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு பாடி ஷாப்களில் பயன்படுத்தும் மெழுகு-கிரீஸ் நீக்கி. ஒரு கையில் நனைந்த துணி, மறு கையில் உலர்ந்த துணி. ஈரம் தானாகக் காயும் முன் துடைத்தெடுங்கள். காயவிட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் படிந்துவிடும். இதை இரண்டு மூன்று முறை செய்த பிறகே தேய்க்கத் தொடங்குங்கள்.

வழவழப்பான பாகங்களில் கீறலை 320 எண் உப்புத்தாளில் எடுத்து, அதைவிட நைசான 600 எண் தாளில் முடிக்கலாம். சொரசொர டிசைன் உள்ள பாகத்தில் உப்புத்தாளே வேண்டாம். அது மேடுகளை மட்டும் தேய்த்து, திட்டுத் திட்டாக வழவழப்பாக்கிவிடும். எந்தப் பெயின்ட்டும் அந்த டிசைனைத் திருப்பித் தராது. சாம்பல் நிற ஸ்கஃப் பேடை, அதாவது நார் போன்ற தேய்ப்புப் பட்டையை, டிசைனின் பள்ளங்களுக்குள்ளும் போகும்படி வளைத்துத் தேயுங்கள்.

எந்த பிளாஸ்டிக் என்று தெரிந்தால்தான், பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமரைத் தேர்ந்தெடுக்க முடியும். பாகத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் சுருக்கக் குறியீடு வார்த்திருப்பார்கள். ஏபிஎஸ் என்றால் நல்லது, சாதாரண பிளாஸ்டிக் பிரைமர் பிடிக்கும். பிபி (PP) என்றால் பாலிப்ரொப்பிலீன். இதன்மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. பிரைமருக்கு முன் அட்ஹீஷன் ப்ரமோட்டர் என்ற ஒட்டுமானப் பூச்சு மெல்லியதாக ஒன்று கண்டிப்பாக வேண்டும். கேனில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த பூச்சையும் அடித்துவிட வேண்டும். குறியீடு இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள்: பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும் என்று. கார் பாகங்களில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். உட்புறப் பாகங்களின் பாலிப்ரொப்பிலீனில் டால்க் தூள் கலப்பது வழக்கம். 20 சதவீதம் கலந்தாலே அதுவும் மூழ்கிவிடும். சந்தேகம் இருந்தால் ப்ரமோட்டர் அடித்துவிடுவதே பத்திரம். டாஷ்போர்டின் மேல்தோல் போல வளையும் வினைல் பாகங்களுக்கு, வினைலுக்கென்றே வரும் வளையும் பெயின்ட்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

நிறத்தைக் கடையின் விளக்கொளியில் முடிவு செய்யாதீர்கள். காரின் உள்ளே நாம் கறுப்பு என்று நினைப்பது பெரும்பாலும் அடர் சாம்பல்தான். பளபளப்பு அதைவிட முக்கியம். நிறம் கொஞ்சம் மாறினால் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்துப் பாகத்தைவிட ஒரு படி பளபளப்பு கூடினால் உடனே தெரியும். ஒரு பிளாஸ்டிக் துண்டில் அடித்து, காய்ந்ததும் காருக்குள் கன்சோல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கும் இரண்டு பகுதிப் பெயின்ட் உறுதியானது, ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. தகுந்த சுவாசக் கருவி இல்லாமல் வீட்டில் அடிக்கவே கூடாது. உட்புறத்துக்கு நல்ல ஒரு பகுதி ஸ்ப்ரே போதும், அதற்கும் ரசாயன ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போடுங்கள்.

கேனை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். முதல் கோட் தூவினாற்போல, அடி தெரிய வேண்டும். ஒரே பூச்சில் மூடிவிட நினைத்தால் சொரசொரப்பின் பள்ளங்கள் நிரம்பி டிசைன் மழுங்கிவிடும். இடையில் பத்து நிமிடம் விட்டு மூன்று நான்கு மெல்லிய கோட். மழை நாளில் அடிக்காதீர்கள், ஈரத்தில் மேற்பரப்பு வெளுத்துப்போகும்.

ஒரு மணி நேரத்தில் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் மாட்டினால் க்ளிப் அழுத்தும் இடங்களில் தடம் விழும். மாட்டிய பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். பழைய பாலிஷ் பாட்டிலைத் திரும்ப எடுக்காதீர்கள். கதவுக் கைப்பிடி மட்டும், தினமும் கை படும் இடம் என்பதால், சில வருடங்களில் மறுபடி தேயக்கூடும். எந்தப் பெயின்ட், எந்த ஷேட் என்று இப்போதே குறித்து வைத்துக்கொண்டால், அப்போது அந்த ஒரு பாகத்தை மட்டும் கழற்றி அடித்துக்கொள்ளலாம்.