கடல் எதிரில் இருந்தும் மீன் இல்லையா?

கேள்வி: ஜூன் முதல் வாரம் குடும்பத்தோடு குமரி மாவட்டம் முட்டம் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் தங்கினோம். வீட்டுக்காரர்களே நடத்துவது. கடல் எதிரிலேயே இருக்கிறது, ஆனால் நெய்மீன் (வஞ்சிரம்) இல்லையாம். சாளைக் (மத்தி மீன்) குழம்பும் மரச்சீனியும்தான் (மரவள்ளிக்கிழங்கு) கிடைத்தது. ஜன்னல் கொண்டி துருப்பிடித்துத் திறக்கவே இல்லை. சூரிய உதயம் தெரியவில்லை. குளிக்கப் போனால் அந்த வீட்டு அம்மா பின்னாலேயே வந்து, "கடல் இன்னைக்கு ஒருமாதிரி கெடக்கு, எறங்காண்டாம் கேட்டியளா" என்று அதட்டினார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் எழுதி, ஜிஎஸ்டி என்று ஒரு தொகையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இணையத்தில் ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிட்டேன். சரிதானே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பில் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பொதுவாக ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டாத விடுதிக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. பதிவு செய்யாதவர் வரி என்று ஒரு பைசா வாங்கக்கூடாது; பதிவு செய்தவர் பில்லில் பதிவு எண்ணைப் போட்டாக வேண்டும். 'நாங்க சின்ன ஆளுங்க சார்' என்பது இதற்குப் பதில் ஆகாது. அங்கேயே கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.

மற்றதற்கெல்லாம் அந்தக் குடும்பத்தைத் திட்டுவது அநியாயம்.

நீங்கள் போனது எந்த வாரம் என்று பார்த்தீர்களா? கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கடலும் உள்ள குமரி மாவட்டத்தில், ஜூன் முதல் பதினான்கு நாள் கிழக்கே சின்னமுட்டம் படகும் போகாது, மேற்கே முட்டம், குளச்சல் படகும் போகாது. வள்ளமும் கட்டுமரமும் கொண்டுவருவதுதான் மீன். ஐஸில் கிடந்த வெளியூர் நெய்மீனை 'இப்பதான் வந்தது' என்று சொல்லி உங்கள் இலையில் வைத்திருக்கலாம். நீங்களும் ஐந்து ஸ்டார் போட்டிருப்பீர்கள். தேங்காய் அரைத்த சாளைக் குழம்பை மரச்சீனியில் ஊற்றித் தின்ன குமரிக்காரன் வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வருகிறான், உங்களுக்கு அது தண்டனையாகத் தெரிந்திருக்கிறது!

கொண்டி துருவைப் பற்றி என்ன சொல்ல? உப்புக்காற்று. எண்ணெய் போட்டு வைத்திருக்கலாம், அது அவர்கள் தப்பு. சூரிய உதயம் அவர்கள் தப்பல்ல. ஜூனில் சூரியன் வடகிழக்கில் எழும்பும். முட்டத்துக்கு அது தென்னந்தோப்புப் பக்கம். கடலில் உதயம் பார்க்க முக்கடல் முனைக்கு விடியுமுன்னே கிளம்பியிருக்க வேண்டும்.

அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதட்டலாகப் பட்டதைத்தான் நான் அந்த ஓட்டலின் முதல் வசதி என்பேன். 2024 மே 6-ம் தேதி, முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், கல்யாணத்துக்கு வந்திருந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம். பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடிக்கும் புயல் கிளப்பிவிடும் அலை அது. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, திடீரென்று கரையேறும். உங்கள் ஜூனிலோ தென்மேற்குப் பருவக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கரையில் வள்ளங்களை வழக்கத்தைவிட மேலே, தென்னை மரத்தடி வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தால் ஊர்க்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். நீங்கள் அதன்மேல் துண்டைக் காயப்போட்டிருப்பீர்கள். பெரிய ஓட்டலில் 'உங்கள் சொந்தப் பொறுப்பில் இறங்கவும்' என்று ஒரு போர்டு வைப்பார்கள், அவ்வளவுதான். அடுப்பில் வைத்ததைப் போட்டுவிட்டு யாரும் மணலில் ஓடி வரமாட்டார்கள்.

ஸ்டாரை எடுக்கச் சொல்லவில்லை. பில்லையும் கொண்டியையும் எழுதுங்கள், அவர்களும் திருத்திக்கொள்ளட்டும். மீன், சூரியன், அந்த அம்மா மூன்றையும் நீக்கிவிடுங்கள். பெரிய லாட்ஜுக்கு உங்களுடையது ஆயிரத்தில் ஒன்று; இப்படிப்பட்ட ஓட்டலுக்கு வந்திருக்கும் கருத்தே பத்தோ இருபதோதான்.

நெய்மீன்தான் வேண்டுமென்றால் பிப்ரவரியில் போங்கள். சபரிமலைக் கூட்டம் வடிந்து கன்னியாகுமரியில் வாடகையும் இறங்கியிருக்கும். முன்பணம் அனுப்புமுன் வாடகை, சாப்பாடு, வரி மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.