கல்லூரிக்கு வந்தாச்சு, எந்தக் கோயிலுக்குப் போவது? டீச்சர் பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம், வாழ்க்கைப்பட்டது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். வெளியூர்ப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவது எங்கள் வீட்டில் பல வருஷப் பழக்கம். அதில் கண்டதையும் கேட்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி, முதலாண்டு. சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம், ஆர்.சி. ஊர்ச் சாமியாரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் இங்கே பங்கில், அதாவது இந்தப் பகுதிக் கோயில் சபையில், சேர்த்துக்கொள்வார்களா, டீச்சர்?

கடிதம் இல்லாமலே நீ இந்தப் பங்கைச் சேர்ந்தவன்தான், தம்பி. திருச்சபைச் சட்டம் 102ஆம் எண்ணை எடுத்துப் பார். ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்துவிட்டாலே அங்கே உனக்கு உறைவிடம் உண்டு என்கிறது. நீ நான்கு வருஷம் இருக்கப் போகிறாய். அதனால் ஊர்ப் பங்கில் உனக்குள்ள உரிமையும் போய்விடாது. பின்னால் உறுதிப்பூசுதல், திருமணம் என்று வரும்போது மட்டும் ஊரிலிருந்து திருமுழுக்குச் சான்று கேட்பார்கள். அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

தருமபுரி, 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டம் (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி) ஆனது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் அதில் அடங்கும். மறைமாவட்டம்தான் புதிது. கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். நீ டவுனுக்கு வந்து திரு இருதயப் பேராலயத்தில் ஒரு ஞாயிறு பூசை பார். முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல், சாமியார் உடை மாற்றுகிற அறை வாசலில் நில். பெயர், கல்லூரி, ஊர்ப் பங்கு மூன்றையும் சொல். அன்பியம் என்றால் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற சின்னக் குழு. “விடுதிப் பிள்ளைகள் எந்த அன்பியத்துக்குப் போகிறார்கள், சாமி?” என்று கேள். இந்தக் கேள்வியை நீ கேட்காவிட்டால் வருஷம் முழுக்க உன்னை யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிறு காலையில் தேர்வு, பயிற்சி வகுப்பு என்று வந்தால் சனிக்கிழமை மாலைத் திருப்பலி போதும். ஞாயிறு கடன் அதிலேயே தீர்ந்துவிடும்.

தருமபுரி அரசு கலைக் கல்லூரி, பி.ஏ. நாகர்கோவில் சி.எஸ்.ஐ. இங்கே பாட்டெல்லாம் வேற ராகத்தில் பாடுகிறார்கள். வீட்டு நினைப்பு வந்து ஆராதனை நடுவிலேயே அழுதுவிட்டேன், ஆன்ட்டி.

அழுதது தப்பே இல்லை, கண்ணு. ஒன்று தெரியுமா? உங்கள் நாகர்கோவிலில் ஊழியம் செய்த அதே லண்டன் மிஷன்தான் 1827இல் சேலத்தில் வந்து இறங்கியது. எங்கள் பக்கத்துச் சபைகள் அந்த வழி வந்தவை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை என்கிற ஒரே குடைக்குள்தான் இரண்டும் இருக்கின்றன. இங்கே நாங்கள் கோவைத் திருமண்டலம் (சி.எஸ்.ஐ.யில் மறைமாவட்டத்தை இப்படிச் சொல்வோம்), அவ்வளவுதான் வித்தியாசம். ஆராதனை முறைமையைக் கையில் வைத்துக்கொண்டு பார், வரிக்கு வரி உனக்குத் தெரிந்ததுதான். ஊரில் திடப்படுத்தல் (ஆர்.சி.யில் உறுதிப்பூசுதல் என்பது போல) எடுத்திருந்தால் ஆயரிடம், அதாவது சபைப் போதகரிடம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குப் போ. ராகம் கிறிஸ்துமஸுக்குள் பழகிவிடும். பாடகர் குழுவில் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் பழகும்.

ஆம்பூர் லுத்தரன் நான். கிருஷ்ணகிரி ஆண்கள் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இங்கே எங்கள் சபை உண்டா?

உண்டா என்றா கேட்கிறாய்? உங்கள் சபையின் கதையே கிருஷ்ணகிரியில்தான் ஆரம்பம். மிசௌரி லுத்தரன் மிஷன் சார்பில் 1895இல் நேத்தர் என்ற போதகர் வந்து வேலையைத் தொடங்கிய ஊர் இது. 1904இல் பிளேக் நோயில் இறந்தார். ஆம்பூர் அதற்கு அடுத்த கட்டம். ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) ஆலயம் எங்கே என்று ஊரில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். உங்கள் ஆம்பூர்ப் போதகரிடம் சொல்லி இங்கே ஒரு போன் போடச் சொல். நற்கருணை (திருவிருந்து) விஷயத்தில் உங்கள் சபை கண்டிப்பானது. முதல் தடவை போதகரைப் பார்த்துப் பேசிவிட்டே பந்திக்குப் போ.

ஓசூரில் படிக்கிறேன். நாங்கள் சீரோ மலபார் (கேரளக் கத்தோலிக்கச் சபை).

2017இல் ஓசூரிலேயே உங்களுக்குத் தனி மறைமாவட்டம் அமைத்துவிட்டார்கள். அங்கேயே கேளுங்கள்.

எத்தனையோ சபை இருக்கிறதே, இதில் எதுதான் உண்மையான சபை?

இந்தப் பக்கத்தில் அதை எடுத்தால் மற்றவர்களுக்குப் பதில் கிடைக்காது. நீ வளர்ந்த சபையில் தொடங்கு.

லேடீஸ் ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை காலையில் வார்டன் வெளியே விடுவதில்லை. ‘ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன்’ என்று எழுதிவிட்டுப் போகலாமா?

வேண்டாம், கண்ணு. அவுட்பாஸ் நோட்டில் ‘காரணம்’ என்கிற கட்டத்தில் ‘தேவாலயம்’ என்றே எழுது. ஒரு நாள் பஸ் தாமதமாகி நீ வர நேரமானால், ஜெராக்ஸ் கடைக்குப் போனவளை எங்கே தேடுவார்கள்? தனித்தனியாகப் போய்க் கேட்காமல், போக விரும்புகிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எந்த ஆலயம், எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது எல்லாம் அதில் இருக்கட்டும். ஆயரிடமோ சாமியாரிடமோ ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு அக்கா வந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன் என்று வார்டனிடம் நேரில் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். அவர்கள் பயப்படுவது உங்கள் பாதுகாப்பை நினைத்துத்தான்.

சில வாரமாகப் போகிறேன். யாரும் என்னிடம் பேசுவதில்லை. போய் உட்கார்ந்து எழுந்து வருகிறேன். வேற சபை பார்க்கட்டுமா?

பார்க்காதே, இன்னும் கொஞ்ச நாள் இரு. இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு வாரமும் ஒரு சபை என்று சுற்றுகிற பிள்ளைக்குக் கடைசி வருஷத்திலும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காது. நடந்து போகிற தூரத்திலோ ஒரே பஸ்ஸிலோ போக முடிகிற இடத்தை எடுத்துக்கொள். ஒவ்வொரு ஞாயிறும் அதே பக்கம், அதே பெஞ்சில் உட்கார். ஆராதனை முடிந்து ஆலய வாசலில் எல்லாரும் குனிந்து செருப்புத் தேடுகிற அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, சபை உருவாவதே அங்கேதான். உன் பக்கத்தில் செருப்பு மாட்டுகிற பாட்டியிடம், “பாட்டி, நான் இன்ன காலேஜ்ல படிக்கிறேன்” என்று நீயே முதலில் சொல். அடுத்த வாரம் அந்தப் பாட்டி உன்னைத் தேடும்.

அப்புறம் ஒரு வேலை கேட்டு வாங்கு. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, பாய் விரிப்பது, பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது, எதுவானாலும் சரி. டிசம்பரில் கேரல் பவனிக்குக் கட்டாயம் போ. இராத்திரி குளிரில் வீடு வீடாகப் போய்ப் பாடி, கொடுக்கிற கேக்கையும் முறுக்கையும் சாப்பிட்டு வந்தால், ஜனவரியில் அந்தத் தெரு முழுக்க உனக்குச் சொந்தம். அப்போதும் ஒட்டவில்லை என்றால் வேறு இடம் பார், நான் தடுக்கமாட்டேன்.

எங்கள் கேம்பஸில் நல்ல ஜெபக்குழு இருக்கிறது. அதுவே போதாதா?

போதாது. கத்தோலிக்க மாணவர் இயக்கமான ஐக்கஃப் 1924இலிருந்து இருக்கிறது, சுவிசேஷ மாணவர் ஐக்கியமான யூ.இ.எஸ்.ஐ. 1954இலிருந்து இருக்கிறது. இரண்டையும் நான் மதிக்கிறேன். இரண்டுமே தங்களைச் சபை என்று சொல்லிக்கொள்வதில்லை. உன் குழுவில் எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது வயது. உனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தோளில் கை போட, வயதானவர்கள் வேண்டும். உன்னைக் கவனித்துப் பார்த்து வளர ஒரு சின்னப் பிள்ளையும் வேண்டும். புதன்கிழமை ஜெபக்குழு, ஞாயிறு சபை. இரண்டும் வைத்துக்கொள்.

யூடியூப் ஆராதனை?

காய்ச்சலில் படுத்திருக்கும்போது பார்.

பர்கூர் பொறியியல் கல்லூரி, சி.எஸ்.ஐ. சீனியர் அண்ணன் அவர் சபைக்குக் கூட்டிப்போனார். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூன்றாவது வாரமே, ‘குழந்தையில் தண்ணீர் தெளித்துக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, வருகிற ஞாயிறு முழுக்கு ஞானஸ்நானம் எடு, வீட்டில் அப்புறம் சொல்லிக்கலாம்’ என்கிறார்கள்.

வருகிற ஞாயிறு எடுக்காதே. பாட்டும் ஜெபமும் பிடித்திருந்தால் போ, கேள். ஆனால் வீட்டில் அப்புறம் சொல்லிக்கலாம் என்று யார் சொன்னாலும், அது எந்தச் சபையாக இருந்தாலும், எழுந்து வந்துவிடு. உன் சபை நைசியா விசுவாசப் பிரமாணத்தில் ஒரே ஞானஸ்நானம் என்று அறிக்கையிடுகிறது. இரண்டாவது முறை எடுத்தால் முதலாவதை மறுத்ததாக அர்த்தம். அதை உன் அம்மாவுக்குத் தெரியாமல், முதல் செமஸ்டரில், அவசரமாகச் செய்யக் கூடாது.

(ஓசூர், பாஸ்டர் மகன்) டீச்சர், வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைக் கண்டதும் அன்றைக்கே ஞானஸ்நானம் எடுத்தாரே. வீட்டில் கேட்டுவிட்டு வா என்று பிலிப்பு சொல்லவில்லையே.

நல்ல கேள்வி, தம்பி. அவர் எருசலேமுக்குப் போய்த் தொழுதுவிட்டுத் திரும்பி வருகிறவர். இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தடை என்று அவரேதான் கேட்டார். பர்கூர்த் தம்பி கேட்கவே இல்லை, அவனிடம் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

(கடகத்தூர், ஆர்.சி.) அதே நடபடிகளில் பவுல் ஞானஸ்நானம் கொடுத்த சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாருமே எடுத்தார்களே, அதில் குழந்தைகள் இருந்திருக்க மாட்டார்களா?

(ஓசூர்) அதே இடத்தில் வீட்டார் அனைவரோடும் விசுவாசித்தான் என்றும் இருக்கிறது.

இரண்டு பேருமே வேதத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறீர்கள், சந்தோஷம். 1525இல் சூரிச் நகரத்தில் பெரியவர்கள் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து ஐந்நூறு வருஷமாக நடக்கிற விவாதம் இது. நான் கேட்பது வேறு. ஓசூர்த் தம்பி, உங்கள் அப்பா எப்படிச் செய்கிறார்?

(ஓசூர்) அப்பா மாதக்கணக்கில் வகுப்பு எடுப்பார். கல்லூரிப் பிள்ளை என்றால் பெற்றோரிடம் பேசாமல் கொடுக்கமாட்டார்.

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். பர்கூர்த் தம்பி, அந்த அண்ணனிடம் இதைக் காட்டு.

எனக்கும் அதே மாதிரி முழுக்கு எடுக்கச் சொல்கிறார்கள்…

மேலே படி.

ஞானஸ்நானம் பற்றி இன்னொரு சந்தேகம்…

உன் ஆயரிடம் கேள், கண்ணு. இதற்குமேல் இங்கே வேண்டாம்.

ஒகேனக்கல் பக்கம் மூன்று நாள் ரிட்ரீட். போன் கொண்டு வரக் கூடாது, எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

போகாதே. இன்றைக்கே அம்மாவுக்குப் போன் பண்ணி இதைச் சொல்.

கல்வி உதவித்தொகையில் தசமபாகம் கேட்கிறார்கள்.

அது ஹாஸ்டல் கட்டணத்துக்கும் மெஸ்ஸுக்கும் வந்த பணம். காணிக்கைப் பையில் முடிந்ததைப் போடு. கணக்குக் கேட்டு, கொடுக்காவிட்டால் சாபம் என்று மிரட்டுகிற இடத்தை விட்டு வந்துவிடு.

சர்ச்சுக்குப் போனால் சாதிச் சான்றிதழில் பிரச்சினை வருமா?

சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் நேரில் கேள். கேட்டு எழுதிய பதிலை நம்பி முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி. என் ரூம்மேட் இந்து. சும்மா பார்க்க வருகிறேன் என்கிறாள். கூட்டிப்போகலாமா? நாங்கள் ஆர்.சி.

தாராளமாக. வருவதும் வராததும் அவள் விருப்பம், நீ நச்சரிக்காதே. எங்கே போகிறோம் என்று அவளும் தன் வீட்டில் சொல்லிவிட்டு வரட்டும். எழும்பும்போது எழும்பலாம், உட்கார்ந்தே இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நற்கருணை வாங்க வரிசை போகும்போது மட்டும் அவள் இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் உள்ளவர்கள் எழுந்து போகும்போது அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லி வை, பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைக்காமல் உள்பக்கமாக உட்கார வை.