கியாய் போட்டதும் ஏன் தடுமாறுகிறது? பினாங்கு கராத்தே கேள்வி பதில்

பினாங்கில் ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியைப் பழகுபவர்கள் கேட்ட கேள்விகளுக்கு மூத்த மாஸ்டர் ஒருவரின் பதில்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்: மாஸ்டர், ஹெயான் ஷோடான் காத்தாவில் (காத்தா என்பது வரிசையாகச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு) மூன்றாவது ஆகே-உகே (மேல் தடுப்பு) முடித்து, கியாய் (உரத்த கத்தல்) போட்டுத் திரும்பும் இடத்தில் தடுமாறுகிறேன். அடுத்த மாதம் கிரேடிங் (பெல்ட் தேர்வு).

பதில்: தம்பி, அந்த இடத்தில் வலது கால் முன்னால் இருக்கும். இடது காலை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் 270 பாகை சுற்றவேண்டும். பலருக்கும் சுற்றுவதில் கோளாறு இல்லை, கால் போய் விழும் இடத்தில்தான் கோளாறு. அது பாதியில் நின்று வலது காலுக்கு நேர்கோட்டில் விழுந்துவிடும். கயிற்றின் மேல் நிற்கிற மாதிரி ஆகி, கெடான்-பராய் (கீழ்த் தடுப்பு) அடித்த வேகத்திலேயே உடம்பு சாய்ந்துவிடும்.

வலது குதிகாலிலிருந்து, திரும்பிய பிறகு பார்க்கப்போகும் திசைக்கு நேராகத் தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள். சுற்றி முடிக்கும்போது இடது கால் அந்த டேப்பைத் தாண்டி, இடப்பக்கமாக ஓர் இடுப்பு அகலம் தள்ளி இருக்கவேண்டும். கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காலை மட்டும் 20 தடவை செய்யுங்கள். முதலில் பார்வை, அப்புறம் கால், இடுப்பு, கடைசியில்தான் கை. தலை மேலே எழும்பினால் வலது முழங்கால் நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் பாருங்கள். 21 அசைவுகளும் முடிந்ததும் தொடங்கிய இடத்திலேயே நிற்கவேண்டும். பின்னால் தள்ளி நிற்கிறீர்களா? போகும்போது வைத்த மூன்று அடியைவிட, ஓய்-சுக்கி (அடி எடுத்துவைத்துக் குத்துவது) குத்திக்கொண்டு திரும்பிவரும் மூன்று அடியும் நீண்டுவிட்டன. குத்தில் ஆர்வம் ஏறும்போது அடி நீளும். இதை நான் கடுமையாகவே சொல்வேன், ஏனென்றால் நீண்ட அடியில் இடுப்பு பின்தங்கிவிடும். குத்தில் வலுவே இருக்காது.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தாயார்: மகன் முன்பு ஷிட்டோ ரியூ என்ற வேறு பாணி கிளாஸில் பினான் நிடான் காத்தா வரை கற்றான். இங்கே ஹெயான் ஷோடானிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். படித்ததெல்லாம் வீணா?

பதில்: வீணே இல்லை அக்கா, இரண்டும் ஒரே காத்தாவின் இரு வடிவங்கள். ஒக்கினாவாவில் இத்தோசு அன்கோ பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தது பினான் வரிசை. ஷோட்டோகானைத் தோற்றுவித்த ஃபுனகோஷி அதற்கு ஹெயான் என்று பெயர் மாற்றியபோது முதல் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். அதனால் அங்கே நிடான் (இரண்டாவது), இங்கே ஷோடான் (முதலாவது). நிலைகள்தான் வேறு: ஷிட்டோ ரியூவில் குட்டை அடி வைத்து உயரமாக நிற்பார்கள், ஷோட்டோகானில் நீள அடி வைத்துத் தாழ்வாக. முதல் சில வாரம் பையனுக்குத் தொடை வலிக்கும். யூடியூபைப் பார்த்து வீட்டில் திருத்தவேண்டாம், இரண்டு பாணியும் குழம்பிவிடும்.

பிறையிலிருந்து ஒருவர்: ஸென்குட்சு-டாச்சியில் (முன்காலை மடக்கி நிற்கும் நிலை) நின்றாலே முன்முழங்கால் வலிக்கிறது.

பதில்: அந்த நிலையில் குனிந்து பாருங்கள். முழங்காலுக்கு உள்பக்கம் கட்டைவிரல் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் முழங்கால் உள்ளே சாய்ந்திருக்கிறது, வலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். முழங்கால் நடுவிரல்களின் திசையைப் பார்க்கட்டும். எடை முன்னே 60, பின்னே 40 பங்கு. ரப்பர் பாயில் பழகினால் இன்னும் கவனம்: பாய் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். வீக்கம் இருந்தால், அல்லது மடக்கும்போது சிக்கிக்கொண்டால், பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒருவர்: புது கராத்தே உடுப்பில் என்ன கனம் வாங்கலாம்?

பதில்: நம் ஊர் புழுக்கத்துக்கு 8 அவுன்ஸ் போதும். பருத்தி சுருங்கும், அதனால் தண்ணீரில் இரண்டு தடவை துவைத்துக் காயவைத்த பிறகே கால் நீளத்தை மடித்துத் தையுங்கள். கிளாஸ் முடிந்து ஈர உடுப்பைப் பையிலேயே விட்டால், அடுத்த நாளே கரும்புள்ளி விழ ஆரம்பிக்கும். விழுந்துவிட்டால் போவது கஷ்டம்.