அமோனியா நிறைந்த கழிவுநீரில் நுண்பாசி வளர்க்கலாமா?

நைட்ரஜன் மிகுந்த கழிவுநீரில் நுண்பாசி வளர்த்தால் நீரும் சுத்தமாகி, உயிர்த்திரளும் (வளர்ந்து சேரும் பாசியின் மொத்தப் பொருள்) கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் நைட்ரஜன் கூடக் கூட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

குளோரெல்லா, சினிடெஸ்மஸ் போன்ற பாசிகள் அமோனியத்தை (நீரில் நைட்ரஜன் கரைந்திருக்கும் ஒரு வடிவம்) நேரடியாக உறிஞ்சிப் புரதமாக்கிக்கொள்ளும். அவை வெளிவிடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் கரிமக் கழிவைச் சிதைக்கும். காற்றடிக்கும் மின்செலவு குறையும். அமெரிக்காவில் பொறியாளர் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே இந்தக் கூட்டணியை வைத்துக் குளங்கள் அமைப்பதை ஆராய்ந்தார்.

சிக்கல் பி.எச். அளவில்தான் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; ஏறினால் காரம் கூடுகிறது). பாசி கார்பன் டை ஆக்சைடை இழுக்க இழுக்க பி.எச். ஏறும். 25 டிகிரி செல்சியஸில் அது 9.25-ஐத் தொட்டால், அமோனியத்தில் சரிபாதி கரைந்த அமோனியாவாக மாறியிருக்கும். அது பாசிக்கே விஷம். அதில் ஒரு பகுதி காற்றிலும் பறந்துவிடும். நீரில் நைட்ரஜன் குறைந்துவிட்டதாக அளவீடு காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான், அது சுத்திகரிப்பு இல்லை, வெறும் இடமாற்றம். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி பி.எச்.சை 7–8க்குள் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கும். கழிவுநீர் ரொம்பக் காட்டமாகவோ கருமையாகவோ இருந்தால் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்துதான் விட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சமும் உள்ளே போகாது.

அப்புறம் அறுவடை. திறந்த குளத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் பாசி தேறுவதே கடினம். செல்களோ சில மைக்ரான் அளவுதான். நேரடியாக மையவிலக்கில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம்) போடுவதைவிட, திரளவைத்துப் படியவிட்டு, பிறகு அதில் போடுவது மலிவு. கிடைப்பதை உயிர்வாயுவுக்கோ (பயோகேஸ்) உரத்துக்கோ அனுப்புங்கள். நோய்க்கிருமி, கன உலோகம் இருக்கக்கூடும் என்பதால் உணவுப் பக்கம் வேண்டாம்.