கடிதமோ மேடைப்பேச்சோ தயாரிக்கும்போது மாதிரிகளைப் பார்த்து எழுதலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் எழுதத் தொடங்கும்போது மாதிரியை மூடி வைத்துவிடுங்கள்.

உடன் வேலை பார்த்த ஒருவரின் பணிநிறைவு விழாவில் நான் பேச வேண்டியிருந்தது. பயத்தில் ஒரு மாதிரி உரையை எடுத்துப் பெயரையும் ஆண்டுக்கணக்கையும் மட்டும் மாற்றிக்கொண்டு போனேன். ‘கடமை தவறாதவர், பழக இனிமையானவர்’ என்று பிழையில்லாமல் வாசித்தேன். அடுத்துப் பேசிய இளைஞர் கையில் தாளே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தான் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டதையும், இவர் யாரிடமும் சொல்லாமல் இரவு வரை பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திருத்த வைத்ததையும் சொன்னார். விடைபெறுபவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரோடு பல வருஷம் பழகிய என்னிடம் அப்படி எத்தனையோ சம்பவங்கள் இருந்தன. ஒன்றைக்கூடச் சொல்லாமல் இறங்கிவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட வழி அமெரிக்க அரசியல் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்ளினுடையது. எழுதிப் பழகிய இளவயதில் அவர் ஒரு நல்ல கட்டுரையை எடுத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் சிறு குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு தன் சொற்களில் முழுதாக எழுதி, மூலத்தோடு ஒப்பிடுவார். இதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். நான் பத்திக்கு ஒரு குறிப்பு எடுக்கிறேன்: ‘தான் யார் என்கிறார்’, ‘நடந்ததைச் சொல்கிறார்’, ‘வேண்டியதைக் கேட்கிறார்’. மூன்று நான்கு மாதிரிகளில் இப்படிக் குறித்தால் எல்லாவற்றிலும் பொதுவாக வருவது எது என்று தெரிந்துவிடும். அந்த வரிசைதான் நமக்கு வேண்டியது. அது மிகப் பழையதும்கூட. 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கடிதக் கையேடுகளே வணக்கம், படிப்பவர் மனத்தை இசையவைத்தல், நடந்ததைக் கூறல், கோரிக்கை, முடிப்பு என்று 5 பகுதிகளைக் கற்பித்தன.

அலுவலகக் கடிதம் என்றால் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை (முந்தைய கடிதத்தின் எண், தேதி) என்ற அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். படிப்பவர் எண்ணையும் தேதியையும் வழக்கமான இடத்தில்தான் தேடுவார். அங்கே புதுமை செய்தால் அவருக்குத்தான் சிரமம்.

பாராட்டு, பிரிவு, வாழ்த்து உரைகளுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எழுதிய வாக்கியத்தில் வேறொருவர் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். அப்போதும் பொருந்தினால் அதை அடித்துவிடுவேன். மிஞ்சுவது நான்கே வரியாக இருந்தாலும் அந்த நான்கு வரியைப் பேசினால் போதும்.

இரங்கல் கடிதத்துக்கு மட்டும் மாதிரியைத் திறக்கவே வேண்டாம். இறந்தவரைப் பற்றி உங்கள் நினைவில் இருக்கும் ஒன்றை எழுதுங்கள். அந்த வீட்டார் அறியாத ஒரு நிகழ்ச்சியாக அது இருந்தால், அதைத்தான் அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பார்கள்.