பாம்புக் கடி: உடனே ஊசி போடாமல் காத்திருப்பது ஏன்?

கேள்வி: வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன தம்பியின் காலில் பாம்பு கடித்துவிட்டது. அரை மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருந்தும் உடனே போடவில்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு வைத்துக் காத்திருந்தார்கள். இரண்டாவது முறை பார்த்த பிறகே மருந்து ஏற்றினார்கள். இது சரியா?

பதில்: சரியான முறைதான். கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். நல்ல பாம்போ விரியனோ கடித்தாலும் விஷம் இறங்காமல் போவதுண்டு. மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். எனவே விஷம் ஏறியதற்கான அடையாளம் தெரிந்தால்தான் மருந்து; தெரிந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் குழாய். ரத்த நாளத்திலிருந்து எடுத்த 2 மி.லி. ரத்தத்தை உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது. எளிய சோதனை என்றாலும் தவறு நேர்வதும் இதில்தான். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தம்கூட உறையாமல் போகலாம். நடுவில் ஆட்டிப் பார்த்தாலும் முடிவு பிசகும். சந்தேகம் வந்தால் கூட வந்தவர் ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். முதல் முறை உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. விஷம் மெதுவாக ஏறும் என்பதால் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். உங்கள் தம்பிக்கு நடந்தது இதுவே.

ஈறில் கசிவு, சிறுநீரில் ரத்தம், மூட்டுகளைத் தாண்டி வேகமாக ஏறும் வீக்கம், இமை சரிவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழாயின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வழக்கமான முதல் அளவு 10 குப்பி. ஒவ்வொன்றிலும் 10 மி.லி. ஊசி நீர் விட்டு, நுரைக்காதபடி மெல்லச் சுழற்றிக் கரைத்து, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே 10 குப்பிதான்; பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. சலைன் மட்டும் எடைக்கேற்பக் குறையும். கடிவாயைச் சுற்றி மருந்தைப் போடக் கூடாது. தோலில் சிறிது போட்டுப் பார்க்கும் சோதனை ஒவ்வாமையை முன்கூட்டிக் காட்டாது, நேரம்தான் வீண். அதற்குப் பதில் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருக்க வேண்டும். தடிப்பு, வாந்தி, இளைப்பு, ரத்த அழுத்தச் சரிவு என ஒவ்வாமை தொடங்கினால் மருந்தை நிறுத்தி, பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போட வேண்டும். சரியானதும் விஷமுறிவு மருந்தை மெதுவாகத் தொடரலாம், தொடரவும் வேண்டும்.

அடுத்த குழாய்ச் சோதனை 6 மணி நேரம் கழித்து. கல்லீரல் உறைபொருள்களை மறுபடி உண்டாக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். முன்னதாகப் பார்த்துவிட்டுப் பத்துக் குப்பி கூடுதலாகப் போடுவதில் பயனில்லை.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது கட்டு விரியன். தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். வலி, வீக்கம் இல்லாமல் போகலாம். பல் பதிந்த தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, பிறகு கண் இமை சரிவது, விழுங்க முடியாமை, குரல் கம்மல் என்று வரும்போது வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். நல்ல பாம்பு விஷத்தால் வந்த தளர்ச்சி நியோஸ்டிக்மின், அட்ரோபின் ஊசிகளுக்கு இளகும். கட்டு விரியன் விஷம் நரம்பு முனைகளையே சிதைப்பதால் பெரும்பாலும் இளகாது. முனைகள் மறுபடி வளரும்வரை, சில நாள்கள், வெண்டிலேட்டர்தான் உயிரைக் காக்கும். கண்மணி வெளிச்சத்துக்கு அசையாமல், ஆள் இறந்தவர் போலவே கிடக்கலாம். மூளை செயலிழந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அவருக்கு நம் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும்.

பாம்பை அடித்து எடுத்து வர வேண்டாம். நம் ஊர் மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவானது. 1978இல் தொடங்கிய, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கு விஷம் எடுத்துத் தருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த குழி விரியனின் விஷத்துக்கு இது வேலை செய்யாது.

வழியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றி, காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் 108இல் ஏற்றுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது கூடாது. கயிறு கட்டக் கூடாது. யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால், மருத்துவமனையில் மருந்து தயாரான பிறகே அவிழ்க்க வேண்டும். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறி மூச்சு நின்றவர்கள் உண்டு.

தம்பி வீடு திரும்பிய பிறகும் சிறுநீர் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தாலோ முகம் வீங்கினாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம், அன்றே போங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு வந்தால் அது மருந்தின் பின்விளைவு. அதற்கும் சிகிச்சை உண்டு. வலிக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.