டிஃப்ராக் 12 பர்சன்ட்ல நிக்குது – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

வீட்டுல ரெண்டு சிஸ்டம் இருக்கு. ஒண்ணு ஏழு வருஷ பழைய லேப்டாப், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இன்னொண்ணு டெஸ்க்டாப், அதுல 256 ஜிபி எஸ்எஸ்டி. ரெண்டுமே இப்ப ரொம்ப ஸ்லோ. டிஃப்ராக் (டிஸ்க்ல சிதறி கெடக்குற ஃபைல சேத்து அடுக்குறது) பண்ணா ஸ்பீடாகும்னு சொன்னாங்க, அதனால ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் போட்டு ரெண்டுலயும் மூணு மாசமா தினமும் ராத்திரி ஓட விடுறேன். டெஸ்க்டாப்ல முடிஞ்சிடுது, ஆனா ஒரு வித்தியாசமும் தெரியல. சி டிரைவ்ல 238 ஜிபில 9 ஜிபி தான் ஃப்ரீனு காட்டுது. லேப்டாப்ல 12 பர்சன்ட்ல நின்னுடுது, காலைல எழுந்து பாத்தாலும் அதே 12. நடுநடுவுல டிக் டிக்னு ஒரு சத்தம். டிஸ்க் நல்லா இருக்கான்னு காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு பாத்தேன், மஞ்சள் கலர்ல காஷன்னு வருது, ஸ்கிரீன்ஷாட் அனுப்பிருக்கேன். அதுல சி5ங்கிற வரிசைல 38 தான் இருக்கு, சின்ன நம்பர் தானேன்னு விட்டுட்டேன். வேற நல்ல டிஃப்ராக் சாஃப்ட்வேர் சொல்லுங்க, காசு குடுத்து வாங்கினாலும் பரவால்ல. லேப்டாப்ப ஃபார்மேட் மட்டும் பண்ண சொல்லாதீங்க, இறந்துபோன அப்பா ஃபோன்ல பேசின ரெக்கார்டிங் கொஞ்சம் அதுல தான் இருக்கு, வேற எங்கயும் இல்ல.

– எஸ்.

அன்புள்ள தம்பி,

கடைசி வரிய படிச்சதும் மத்த கேள்வியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு ஆயிடுச்சு எனக்கு. இன்னைக்கு ராத்திரி லேப்டாப்ல டிஃப்ராக் ஓட விடாதீங்க. லேப்டாப்ப இப்பவே ஆஃப் பண்ணி வைங்க, இத முழுசா படிச்சிட்டு அப்புறமா ஆன் பண்ணலாம்.

ஸ்கிரீன்ஷாட்ட பெருசு பண்ணி பாத்தேன். கடைசில ரா வேல்யூஸ்னு ஒரு காலம் இருக்கு பாருங்க, அதுல வர்ற நம்பரெல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறு பதினாறா எண்ணுற முறை, நாம பத்து பத்தா எண்ணுற கணக்கு கிடையாது. அதனால சி5ல நீங்க பாத்த 38ங்கிறது உண்மைல 56. அதுக்கு மேல 05 வரிசைல நெறைய சைபர் போட்டு கடைசில 1ஏ8னு இருக்கே, அத பத்தி நீங்க எழுதவே இல்ல, அது 424. 05ங்கிறது ரீஅலொகேட்டட் செக்டார், அதாவது டிஸ்க்ல கெட்டுப்போன இடத்த டிரைவே கண்டுபிடிச்சு ஒதுக்கி வச்சிட்டு, ரிசர்வ்ல இருக்கிற நல்ல இடத்த அதுக்கு பதிலா எடுத்துக்கிட்ட கணக்கு. சி5 அதவிட கவலையான விஷயம். படிக்க பாத்து படிக்க முடியாம தொங்கிட்டு இருக்கிற இடங்க அது, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா தானே வேற எடத்துக்கு மாத்தும், அது தெரியாம அப்படியே பெண்டிங்ல வச்சிருக்கு. அந்த 56 இடத்துல எந்த ஃபைலோட துண்டு மாட்டிருக்குன்னு வெளில இருந்து பாத்து யாராலயும் சொல்ல முடியாது.

12 பர்சன்ட்ல நிக்கிறதும் பெரும்பாலும் இதனால தான். அந்த எடத்துல ஒரு செக்டார படிக்க வரல, டிரைவ் விடாம திரும்ப திரும்ப முயற்சி பண்ணுது, ஒவ்வொரு முயற்சியும் பல செகண்ட் இழுக்கும், அதுவரைக்கும் டிஃப்ராக் சாஃப்ட்வேர் வாய பாத்துட்டு உக்காந்திருக்கும். நீங்க கேக்குற டிக் டிக் சத்தம், டிஸ்க்க படிக்கிற ஹெட் திரும்ப திரும்ப போயி வர்ற சத்தமா இருக்க வாய்ப்பு அதிகம். இதுக்கு மேல எந்த சாஃப்ட்வேர் வாங்கி போட்டாலும் அதே எடத்துல தான் போயி நிக்கும், ஏன்னா கெட்டிருக்கிறது ஃபைல் அடுக்கி இருக்கிற விதம் கிடையாது, தட்டே கெட்டு வருது.

டிஃப்ராக்னா என்ன செய்யுதுன்னு யோசிச்சு பாருங்க. சிதறி கெடக்குற ஒவ்வொரு ஃபைலையும் படிச்சு, வேற எடத்துல எழுதி, பழைய எடத்த காலி பண்ணி, அப்படியே டிஸ்க் முழுக்க மணிக்கணக்கா போகும். நல்லா இருக்கிற டிஸ்க்குக்கு அது வெறும் வேலை. படுத்து கெடக்குற ஆள எழுப்பி மூட்டை தூக்க சொல்ற மாதிரி தான் உங்க லேப்டாப் டிஸ்க்குக்கு. மூணு மாசம் தாங்கினதே பெருசு.

இத நான் இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. பல வருஷம் முன்னாடி எங்க அக்கா வீட்டு கம்ப்யூட்டர் ஸ்லோன்னு கூப்பிட்டாங்க, போயி பாத்தேன், ஸ்மார்ட் ரிப்போர்ட்டெல்லாம் (டிஸ்க் தன் நிலைமைய தானே சொல்றது, உங்க ஸ்கிரீன்ஷாட்ல இருக்கிற மாதிரி) பாக்கல, ஸ்லோன்னா டிஃப்ராக்னு ஓட விட்டுட்டு பேசிட்டு உக்காந்திருந்தேன். பாதில ஒரு கரகர சத்தம், அப்புறம் ஸ்கிரீன் அப்படியே நின்னுது, ரீஸ்டார்ட் பண்ணா டிஸ்க்கே காட்டல. அக்கா பொண்ணோட முதல் வருஷத்து ஃபோட்டோ அத்தனையும் அதுல தான் இருந்துச்சு. மொதல்ல அந்த ஒரு ஃபோல்டர காப்பி எடுத்திருந்தா ஒரு மணி நேர வேலை. அக்கா இன்னைக்கு வரைக்கும் அத பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஆனா ஆல்பத்துல அந்த வருஷம் மட்டும் காலியா இருக்கிறத நான் ஒவ்வொரு தடவையும் பாக்குறேன். அப்பா குரல் விஷயத்துல உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

சரி, இப்ப செய்ய வேண்டியது. லேப்டாப்ப மேஜைல, காத்து போற மாதிரி, அசைக்காம வைங்க. ஒரு பென் டிரைவ் தயாரா எடுத்துக்கோங்க, ஆன் பண்ணதும் வேற எதையும் திறக்காதீங்க, நேரா அப்பா ரெக்கார்டிங் இருக்கிற ஃபோல்டருக்கு போயி அத மட்டும் காப்பி பண்ணுங்க. அது சின்ன ஃபைலா தான் இருக்கும். பழைய ஃபோன்ல ஏஎம்ஆர் ஃபார்மேட்ல பதிவானதுன்னா ஒரு மணி நேர பேச்சே ஆறு எம்பி பக்கம் தான் வரும். பென் டிரைவுக்கு வந்ததும் ஃபோனுக்கு ஒரு காப்பி, உங்க மெயிலுக்கே ஒரு காப்பி அனுப்பிடுங்க. அதோட விடாதீங்க, ஒவ்வொரு ஃபைலையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓட விட்டு கேளுங்க, ஏன்னா ஃபைல் பேர் வந்திருக்கும், சைஸும் சரியா இருக்கும், நடுவுல மட்டும் சத்தம் வராம போயிருக்கும்.

அதுக்கு அப்புறம் தான் மத்த ஃபோட்டோ, டாக்குமென்ட் எல்லாம். மொத்த டிரைவையும் செலக்ட் பண்ணி இழுத்து போடாதீங்க, ஃபோல்டர் ஃபோல்டரா போங்க, எதுலயாவது சிக்கி நின்னா ஸ்கிப் குடுத்து பேர குறிச்சு வச்சுக்கிட்டு அடுத்ததுக்கு போங்க, சிக்கினதுக்கு கடைசில வரலாம். பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு அதுல இருந்து பூட் பண்ண தெரிஞ்சா இன்னும் நல்லது, ஏன்னா விண்டோஸ் ஓடுறதும் அதே டிஸ்க்ல தான், நீங்க காப்பி எடுக்குறப்ப அது அப்டேட், இண்டெக்ஸிங், வைரஸ் ஸ்கேன்னு தன் பங்குக்கு அதே டிஸ்க்க போட்டு வறுத்துட்டு இருக்கும். இன்னொண்ணு, காப்பி முடியறதுக்கு முன்னாடி செக்டிஸ்க், அதாவது டிஸ்க்ல தப்பு தேடுற விண்டோஸ் கமாண்ட், ஓட்டாதீங்க. அதுவும் ஸ்லாஷ் ஆர் போட்டு ஓட்டுனா டிஸ்க் முழுக்க ஒரு எடம் விடாம படிச்சு பாக்கும், மிச்சம் இருக்கிற உயிரையும் அதுலயே செலவு பண்ணிடும். டிக் டிக் சத்தம் அதிகமாச்சுன்னா, இல்ல டிஸ்க்கே காணாம போயிடுச்சுன்னா, உடனே பவர் ஆஃப். அதுக்கு மேல டேட்டா ரெகவரி பண்றவங்க கைல தான் குடுக்கணும், நாமளா நோண்டக்கூடாது.

இப்ப ஸ்பீடு விஷயத்துக்கு வரேன், அதுவும் நியாயமான கேள்வி தான்.

டிஃப்ராக் பொய்யான விஷயமில்ல, ஒரு காலத்துல உண்மையாவே வித்தியாசம் தெரியும். 1993ல எம்எஸ் டாஸ் 6லயே டிஃப்ராக் கூட வந்துச்சு, விண்டோஸ் 95, 98ல கலர் கலரா கட்டம் நகர்றத மணிக்கணக்கா உக்காந்து பாத்தவங்க நெறைய பேரு, நானும் தான், நடுவுல ஏதாவது ஒரு புரோகிராம் டிஸ்க்ல எழுதிட்டா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும். அது எதுக்கு தேவைப்பட்டுச்சுன்னு உங்க லேப்டாப்ப வச்சே கணக்கு பாக்கலாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து, அதாவது செகண்டுக்கு 90, ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். ஹெட் சரியான ட்ராக்குக்கு போக சுமார் 12 மில்லி செகண்ட், போனதுக்கு அப்புறம் நமக்கு வேண்டிய எடம் சுத்தி வர்றதுக்கு சராசரியா அரை சுத்து, ஒரு அஞ்சரை. ஆக ஒரு தாவலுக்கு 17 மில்லி செகண்ட் பக்கம். ஃபைல் ஒரே துண்டா இருந்தா ஒரு தாவல், ஆயிரம் துண்டா சிதறி இருந்தா தாவுறதுக்கே 17 செகண்ட் போயிடும், டேட்டா படிக்கிற நேரம் அது தனி. அதனால தான் துண்டெல்லாம் சேத்து வச்சா ஓடுச்சு.

எஸ்எஸ்டில சுத்துறதுக்கும் ஒண்ணும் இல்ல, போயி வர ஹெட்டும் இல்ல. எங்க இருக்கிற துண்டா இருந்தாலும் 0.1 மில்லி செகண்ட் மாதிரி தான், ஆயிரம் துண்டுன்னாலும் மொத்தம் ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு. அதுவும் இல்லாம ஃபைல் எந்த சிப்ல எங்க இருக்குன்னு விண்டோஸுக்கே தெரியாது, உள்ள இருக்கிற கன்ட்ரோலர் எல்லா செல்லும் சமமா தேயணும்னு தன் இஷ்டத்துக்கு மாத்தி மாத்தி வைக்கும், அதனால டிஃப்ராக் சாஃப்ட்வேர் வரிசையா அடுக்கிட்டேன்னு ஸ்கிரீன்ல காட்டினாலும் உள்ள அப்படி இருக்காது. நீங்க மூணு மாசம் ஓட்டினதால எஸ்எஸ்டி செத்துடாது, பயப்படாதீங்க, 250 ஜிபி சைஸ் டிரைவ் பலதுக்கும் 150 டிபி (டெராபைட்) வரைக்கும் எழுதலாம்னு கம்பெனியே கணக்கு குடுத்திருக்கும், ஆனா அந்த கணக்குல இருந்து கொஞ்சம் வீணா கழிஞ்சிருக்கு. அந்த சாஃப்ட்வேர ரெண்டு மெஷின்ல இருந்தும் எடுத்துடுங்க.

டெஸ்க்டாப் ஏன் ஸ்லோன்னா, பதில் உங்க கடிதத்துலயே இருக்கு, 238 ஜிபில 9 ஜிபி. எஸ்எஸ்டில ஏற்கனவே எழுதின எடத்துக்கு மேல நேரா திரும்ப எழுத முடியாது, மொதல்ல அழிக்கணும், எழுதுறது சின்ன சின்ன பேஜா, அழிக்கிறது பேஜ் பல சேந்த பெரிய பிளாக்கா. காலி எடம் இருந்தா கன்ட்ரோலர் சும்மா இருக்கிற நேரத்துல பிளாக்க அழிச்சு ரெடி பண்ணி வச்சுக்கும். எடம் இல்லன்னா நீங்க சேவ் குடுக்குற நேரத்துல தான் உயிரோட இருக்கிற பேஜ வேற பக்கம் நகத்தி, பிளாக்க அழிச்சு, அப்புறம் எழுதும், அதுல தான் அந்த இழுவை. குறைஞ்சது 15, 20 பர்சன்ட் காலியா வைங்க, உங்க டிரைவுக்கு 40 ஜிபி பக்கம். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், விண்டோஸ் டாட் ஓல்டு (பழைய விண்டோஸோட மிச்சம்) இருந்தா அது, டிஸ்க் கிளீனப்ல கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ் அமுக்கினா வர்றதுன்னு ஆரம்பிங்க. ஹைபர்நேட் (திறந்திருக்கிறத எல்லாம் டிஸ்க்ல எழுதி வச்சிட்டு ஆஃப் ஆகிறது) யூஸ் பண்றதே இல்லன்னா அத ஆஃப் பண்ணா அதுவே பல ஜிபி குடுக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள போயி கையால எதையும் அழிக்காதீங்க. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ஸ்பீட் பூஸ்டர்னு வர்ற எதையும் தொடாதீங்க, அதுங்களால வேகம் கூடி நான் பாத்ததில்ல, பூட் ஆகாம போனத பாத்திருக்கேன்.

பராமரிப்புன்னு தனியா எஸ்எஸ்டிக்கு பெருசா ஒண்ணும் கிடையாது. ஸ்டார்ட்ல டிஃப்ராக்னு டைப் பண்ணா டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்னு வரும், அதுல மீடியா டைப்ல சாலிட் ஸ்டேட் டிரைவ்னு இருக்கா, கடைசியா எப்ப ஓடிச்சுன்னு தேதி இருக்கா, ஷெட்யூல் ஆன்ல இருக்கா, இவ்ளோ பாத்தா போதும். பேரு டிஃப்ராக்னு இருந்தாலும் எஸ்எஸ்டிக்கு அது முக்கியமா செய்யுறது டிரிம், நீங்க டெலீட் பண்ண ஃபைல் இருந்த எடமெல்லாம் இனி தேவையில்லன்னு கன்ட்ரோலருக்கு சொல்றது. ஹார்ட் டிஸ்க்கா இருந்தா அதுவே நெஜ டிஃப்ராக் பண்ணும், விஸ்டால இருந்தே தானா ஓடுது, அதுலயும் 64 எம்பிக்கு மேல இருக்கிற துண்ட சேக்க மெனக்கெடாது, ஏன்னா அவ்ளோ பெரிய துண்டுக்கு நடுவுல ஒரு தாவல் இருந்தா யாருக்கும் தெரியாது. ஆக நல்லா இருக்கிற ஹார்ட் டிஸ்க்குக்கும் தினமும் ஓட்ட தேவையில்ல.

லேப்டாப்புக்கு, காப்பி எல்லாம் முடிஞ்சதும் ஒரு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கி போடுங்க, பழைய டிஸ்க் இருந்த எடத்துலயே உக்காரும். டிஃப்ராக் சாஃப்ட்வேருக்குன்னு எடுத்து வச்ச காசு இதுக்கு போகட்டும். பழைய டிஸ்க்ல இருந்து க்ளோன் பண்ண வேணாம், அதுவும் டிஸ்க் முழுக்க படிக்கிற வேலை தான், நடுவுலயே விழுந்துடலாம், விண்டோஸ புதுசா போடுங்க. ஏழு வருஷ லேப்டாப் இந்த ஒரு மாத்தத்துல எவ்ளோ மாறுதுன்னு நீங்களே பாப்பீங்க.

கழட்டின பழைய டிஸ்க்க ஃபார்மேட் பண்ணாதீங்க, தூக்கியும் போடாதீங்க. ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி, ஸ்கிப் பண்ண ஃபோல்டர் பேரெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி கூடவே வைங்க. லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு, நல்லா இருக்கிற எடத்த எல்லாம் மொதல்ல எடுத்துட்டு, கெட்ட எடத்துக்கு கடைசில திரும்பி வரும், ரெக்கார்டிங்ல ஏதாவது ஒண்ணு வராம போயிருந்தா அந்த டிஸ்க்ல அத வச்சு முயற்சி பண்ணலாம். அப்படி எதுவும் விட்டுப்போச்சுன்னா ஃபைல் பேரோட எனக்கு எழுதுங்க, எந்த கமாண்ட் எப்படி குடுக்கணும்னு வரி வரியா எழுதி அனுப்புறேன்.